சுமைச் சைக்கிளுக்கு எந்த ரயர்?

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, எத்தனையோ குடும்பங்களின் உடைமைகளைச் சுமந்தது சைக்கிள்தான். இன்று பிரதான வீதிகள் காப்பற் போடப்பட்டுவிட்டன. மோட்டார் சைக்கிள்களும் பெருகிவிட்டன. எனினும் வயலுக்குப் போகும் மணல் ஒழுங்கைகள் பல இன்னும் மணலாகவே கிடக்கின்றன. பெற்றோலுக்குக் காசில்லாத வீட்டில் நெல் மூடையும் விறகும் தண்ணீர்க் கானும் இப்போதும் சைக்கிள் கரியரில்தான் போகின்றன. அந்தச் சைக்கிளுக்கு ரயர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையே இங்கு எழுதுகிறோம்.

ஒடுங்கிய ரயர் பாரம் குறைந்தது, ஆகவே உழக்கச் சுகம் என்று பலர் சொல்கிறார்கள். பந்தயம் ஓடுபவருக்கு அது ஓரளவு பொருந்தும். சில்லின் ஓரத்தில் இருக்கும் பாரம், புறப்படும்போதும் வேகம் கூட்டும்போதும் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும். ஆனால் ஓட்டுபவர், சைக்கிள், மூடை எல்லாம் சேர்ந்து 130 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ரயரிலும் சேர்த்து 400 கிராம் கூடினால், அதை இரட்டிப்பாகக் கணக்கிட்டாலும் ஒரு கிலோ வராது. ஒரு போத்தல் தண்ணீரின் பாரம்! சீரான ஓட்டத்தில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ரயரின் பாரத்தைப் பற்றி விவசாயி கவலைப்படத் தேவையில்லை. அகலமும் காற்றுமே முக்கியம்.

கரியரில் 50 கிலோ மூடை இருந்தால் பின்சில்லுக்கு ஏறத்தாழ 100 கிலோ, அதாவது 220 இறாத்தல் பாரம் வரும். ரயரில் சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல் காற்று இருந்தால், ஏறக்குறைய நாலரைச் சதுர அங்குல இடம் நிலத்தைத் தொடும். காற்றை 30 இறாத்தலுக்குக் குறைத்தால் ஏழு சதுர அங்குலத்துக்கு மேல் தொடும். மணலில் இது நல்லது. பாரம் பரவுவதால் சில்லு புதையாது. புதைந்த சில்லு தான் தோண்டிய குழியிலிருந்து தானே ஏறிக்கொண்டிருக்க வேண்டும். மணலில் மூச்சு வாங்குவது அதனால்தான். தார் வீதியில் கதை வேறு. காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் நசிந்து நிமிரும். உழக்கும் பலத்தில் ஒரு பங்கு அந்த நசிவிலேயே வீணாகும்.

ஒரே அளவு காற்றில் அகன்ற ரயர் ஒடுங்கியதைவிட நன்றாக உருளும் என்றால் நம்பப் பலர் தயங்குவார்கள். நிலத்தைத் தொடும் பரப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அகன்றதில் அது குறுகிய நீளமாக அமைவதால் ரயர் குறைவாகவே வளைகிறது. ஒடுங்கிய ரயர் இதே பாரத்தைத் தாங்க வேண்டுமானால் மிக இறுக்கமாகக் காற்றடிக்க வேண்டும். அப்போது கிரவல் பாதையின் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும், கம்பிகளும் தளரும்.

ஆனாலும் மணலுக்கென்று காற்றை அளவின்றி இறக்கிவிடக் கூடாது. பாரத்தோடு ஒரு கல்லில் ஏறினால் றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் ரியூப் நசிந்து, பாம்பு கொத்தினாற்போல் இரண்டு ஓட்டை விழும். அப்படி இரட்டை ஓட்டை கண்டால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றுப் போதாது என்று கொள்க. காற்றை அளக்கும் கருவி எல்லோரிடமும் இராது. ஒரு அடிமட்டம் போதும். பாரம் ஏற்றுமுன் நிலத்திலிருந்து பின்சில்லின் றிம் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். மூடையை ஏற்றி, ஆளும் ஏறி இருந்தபின் மற்றொருவர் பார்க்கட்டும். ஒன்றரை அங்குல ரயரில் கால் அங்குலத்துக்கு மேல் தாழ்ந்தால் காற்றுக் காணாது. மணல் துண்டு நீளமாயின் இறங்கித் தள்ளுவதே ரயருக்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது. 1954இல் வியட்நாமின் தியன் பியன் பூவுக்குச் சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் கொண்டுபோனவர்கள் ஏறி ஓட்டவில்லை, தள்ளியே சென்றார்கள். ரியூப்பைச் சுற்றிப் பழைய துணி கட்டினார்கள் என்றும் சொல்வர். நம்மவர் வெடித்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டு வைப்பதும் இதே யுக்திதான். துண்டின் ஓரங்களை மெல்லியதாகச் சீவி வையுங்கள். இல்லாவிட்டால் அதுவே ரியூப்பை அறுத்துவிடும்.

கடையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. "26 ரயர் தாருங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்து, வீட்டில் பூட்ட முடியாமல் திரும்பி நடப்பவர் உண்டு. 26 என்ற பெயரில் வேறு வேறு சில்லுகள் இருக்கின்றன. 1 3/8 என்று பின்னத்தில் எழுதியிருக்கும் ரயர் 590 மில்லிமீற்றர் றிம்முக்குரியது. 1.75, 1.95 என்று தசமத்தில் எழுதியது மவுண்டன் சைக்கிளின் 559 மில்லிமீற்றர் றிம்முக்குரியது. ஒன்று மற்றதற்கு ஏறாது. 28 x 1 1/2 என்ற பழைய பெரிய சைக்கிளின் றிம் 635. பழைய ரயரின் பக்கத்தில் 37-590 என்பதுபோல் ஓர் இலக்கம் இருந்தால் அதையே எழுதிக்கொண்டு போங்கள். முதல் எண் அகலம், அடுத்தது றிம்மின் அளவு. அடுத்த எண் ஒத்திருக்க வேண்டும். முதல் எண் சற்றுக் கூடலாம், ஆனால் முள்ளுக்கரண்டியிலும் மட்காட்டிலும் உரசாமல் இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டு ரயர் வாங்க வசதியில்லாவிட்டால் ஒன்று வாங்குங்கள். விரைவில் தேய்வது பின்ரயர். முன்னே உள்ளது நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்றிப் பின்னே போட்டு, புதியதை முன்னே பூட்டுங்கள். பின்ரயர் வெடித்தால் சைக்கிள் ஆடி நிற்கும். முன்ரயர் வெடித்தால் மூடையோடு ஆளும் விழுவார்.