முதுகு நோவும் கடல் கடந்த சிகிச்சையும்

சாத்தம் என்றவுடன் அந்தமான் வாழ் தமிழருக்கு நினைவில் எழுவது, 1883ஆம் ஆண்டில் தொடங்கிய மர அறுவை ஆலையே. அங்கு அறுபடும் படாக் மரம், உலர்ந்த பின்னரும், ஒரு கன மீட்டருக்கு 700 கிலோ அளவில் கனக்கும். இத்தகைய பாரத்தோடு உழைப்பவர்க்கு இடுப்பு நோவு புதியதன்று. தண்ணீர்க் குடம் சுமக்கும் தாய்மாருக்கும் அஃது அயலதன்று. நோவு நீடித்தால், "சென்னைக்குப் போய் அறுவை செய்துகொள்வதா?" என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. கப்பலில் சுமார் மூன்று நாள் பயணம், கூலியிழப்பு வேறு. ஆகவே இதனை ஆய்ந்து முடிவு செய்தல் வேண்டும்.

நம் முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் 23 தட்டுகள் உள்ளன. இடுப்பின் கீழ்ப்பகுதித் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால், நோவு பிட்டத்தினின்று காலுக்கு மின்வெட்டுப்போல் இறங்கும். எனினும் பெரும்பாலான இடுப்பு நோவு இவ்வகையினதன்று; தசையும் தசைநாரும் வருந்துவதால் வருவது. அது சில வாரங்களில் தானே தணியும். படுக்கையில் பல நாள் கிடப்பது குணத்தைத் தாமதப்படுத்தும் என்பதே இன்றைய மருத்துவர் கருத்து. மெல்ல நடத்தலும், இயன்ற வேலையைச் செய்தலும், தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியுமே முதல் மருந்து. வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய்த் தடவலும் இதம் தரும். முதுகை முறுக்கிச் சொடுக்கெடுப்பதை மட்டும் நாம் ஒப்பமாட்டோம்.

படம் எடுத்தவுடன் 'தட்டு தேய்ந்துவிட்டது' எனக் கேட்டு நடுங்குவோர் பலர். நோவே அறியாத இருபது வயதினருள்ளும் நூற்றுக்கு 37 பேருக்குத் தட்டுத் தேய்வு காணப்படுவதாக 2015இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. படத்தை மட்டும் நம்பிக் கத்தியை நாடலாகாது.

தட்டுப் பிதுங்கிக் கால்நோவு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் நீடித்தவர் 283 பேரை நெதர்லாந்து மருத்துவர்கள் ஆராய்ந்து 2007இல் முடிவு வெளியிட்டனர். விரைந்து அறுவை செய்துகொண்டவர்க்கு நோவு சீக்கிரம் நீங்கிற்று. எனினும் ஓராண்டு சென்றபின், இரு சாராருள்ளும் நூற்றுக்கு 95 பேர் குணமடைந்திருந்தனர். காத்திருந்தவருள் நூற்றுக்கு 39 பேர் பின்னர் அறுவையை நாடினர் என்பதையும் மறைத்தல் கூடாது. ஆக, அறுவை வேகத்தை விலைக்கு வாங்குகிறது. தாங்க இயலாத நோவுடையார்க்கு அந்த வேகமே பெரிது.

ஆனால் சில குறிகள் தோன்றினால் காத்திருத்தல் தகாது. சிறுநீர் அடைபட்டாலோ, மலமோ சிறுநீரோ அறியாது கழிந்தாலோ, இருப்பிடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க இயலாது தொய்ந்தாலோ, கப்பலுக்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மாலைதோறும் காய்ச்சல், மெலிவு, இரவில் ஓயாத முதுகு நோவு ஆகியன முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். பெரும்பாலானவர்க்கு அது மருந்தினாலேயே குணமாகும், முற்றிலும் உட்கொள்ள வேண்டும் என்பதே நிபந்தனை.

நோவு தணிந்து ஆலைக்குத் திரும்புபவர், பாரத்தை உடலோடு அணைத்து, முழங்காலை மடித்து எடுக்கவேண்டும். இடுப்பை முறுக்கித் திரும்பலாகாது. இருவர் தூக்கும் பலகைக்கு இருவரைக் கேட்பதில் நாணம் வேண்டா. தீங்கு விளைவிக்கக்கூடிய பாரத்தைத் தொழிலாளியைக்கொண்டு தூக்கச் செய்யலாகாதென, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே தன் 34ஆம் பிரிவில் விதித்திருந்தது.