இன்வெர்ட்டர் போட்டாச்சு, பாஸ்வேர்டு மாத்தியாச்சா?

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் போகிறவர்கள், பூட்டிய வீட்டை போனில் பார்க்க வைஃபை கேமரா வைக்கிறார்கள். கரன்ட் போனாலும் அது ஓட, ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கணும். இன்வெர்ட்டரை ‘யுபிஎஸ்’ மோடில் வையுங்க. இல்லைன்னா கரன்ட் போகும் நொடியில் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம்.

பேட்டரி மட்டும் போதாது. 2016-ல் ‘மிராய்’ என்ற வைரஸ், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்கள், ரவுட்டர்களுக்குள் புகுந்தது. அவற்றை வைத்து அக்டோபர் 21-ல் நடந்த தாக்குதலில், அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டரே திறக்கவில்லை.

கரன்ட் கட்டாகி கேமரா அணைந்தால் மிராய் அழிந்துவிடும். பழைய பாஸ்வேர்டு இருந்தால் சில நிமிடங்களில் திரும்பிவிடும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கேமரா அணைவதே இல்லை.

அதனால், ரவுட்டருக்கு வரும் இன்டர்நெட் கேபிளைக் கழற்றுங்க. கேமராவை ஆஃப் செய்து ஆன் செய்யுங்க. பாஸ்வேர்டை மாத்துங்க. அப்புறம் கேபிளை மாட்டுங்க.