எழுத்து சிதைந்தால் கோப்பைச் சேமிக்காதீர்கள்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதி டிடிபி கடைகளில் பென்டிரைவிலிருந்து ஒரு பழைய மனுவைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் புரியாத குறிகள் திரையை நிரப்புவது பழகிப்போன தொல்லை. ‘ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு’ என்று சொல்லி மறுபடி டைப் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் இது தேவையற்ற வேலை. கோப்பு நலமாகவே இருக்கும். அதைத் திறந்த செயலிதான் தவறாகப் படித்திருக்கும்.

எந்த இடத்தில் பிழை என்பதைத் திரையில் தெரியும் குப்பையே சொல்லிவிடும். ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, அதையடுத்து ஓர் அரைப்புள்ளி தெரிந்தால், அது பாமினி எழுத்துருவில் அடித்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியேற்றங்கள் வந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. இவற்றுக்கு முன்னும் இடையிலும் ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தன் விருப்பப்படி தமிழ் வடிவங்களைப் பொருத்தியது. நோட்பேட் கோப்பு எந்த எழுத்துருவில் அடித்தது என்பதைத் தன்னுள் வைத்துக்கொள்ளாது. ஆகவே பாமினியை நிறுவித் தேர்ந்தெடுத்தால் போதும், தமிழ் திரும்பிவிடும். மேலே சாய்கோடிட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வந்தால் கதை வேறு: யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் உள்ள கோப்பைப் பழைய ஆன்சி முறையில் திறந்திருக்கிறார்கள். திறக்கும்போதே யூடிஎஃப்-8 எனத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். வெறும் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துருவில் தமிழ் இல்லை. ‘கெ’ என்பதில் கொம்பு வலப்பக்கம் போய் நின்றால், குறிகளை உரிய இடத்தில் சேர்த்துக் காட்டும் வேலையைச் செயலி செய்யவில்லை. யூனிகோடில் ககரம் முதலிலும் கொம்பு பிறகும்தான் சேமிக்கப்படுகின்றன. புள்ளிகளாலான வட்டம் மட்டும் பெரும்பாலும் உரையிலேயே உள்ள பிழை. தட்டச்சுப் பொறிப் பழக்கத்தில் கொம்பை முதலில் அடித்திருப்பார்கள்.

ஒரு பக்க மனுவுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, திரும்ப அடிப்பதே வேகம் என்பார்கள். கையில் அச்சுப் பிரதி இருந்தால் அது நியாயம்தான். ஆனால் சர்வே எண்ணும் தந்தை பெயரும் உள்ள பத்திர வரைவில் மறுதட்டச்சு புதுப் பிழைகளைக் கொண்டுவரும். இப்போது எல்லாம் யூனிகோடுதானே என்பது இன்னொரு வாதம். புதிதாக அடிப்பவை அப்படித்தான். பழையவை அப்படியே கிடக்கின்றன. முன்பு சிட்லப்பாக்கம் பேரூராட்சிக்கு எழுதிய மனுவை, 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு முகவரி மாற்றித் தர நினைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்குப் பழைய கோப்பே ஆதாரம்.

உண்மையான ஆபத்து சேமிப்பதில் இருக்கிறது. யூனிகோடு தமிழை ஆன்சியாகச் சேமித்தால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். நோட்பேட் எச்சரித்தாலும் அவசரத்தில் ‘ஓகே’ அழுத்திவிடுகிறோம். தவறாகத் திறந்த யூடிஎஃப்-8 கோப்பைச் சேமிப்பதும் கெடுதல். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்; மெய்யின் புள்ளிக்குரிய மூன்றாவது பைட்டுக்கு விண்டோஸின் பழைய மேற்கத்தியக் குறியேற்றத்தில் எழுத்தே இல்லை, சில செயலிகள் அதை உதறிவிடும். எனவே சிதைவைக் கண்டதும் சேமிக்காமல் மூடி, கோப்பை நகலெடுத்து, நகலை இன்னொரு செயலியில் திறந்து பார்க்க வேண்டும். அங்கே தமிழ் தெரிந்தால் கோளாறு முதல் செயலியில். எங்கு திறந்தாலும் கேள்விக்குறிகளே வந்தால் மட்டும் மறுதட்டச்சுக்கு உட்காரலாம்.