கைவிட்ட சுரங்கங்கள் – 6: அடைக்கக் கூடாத வாய்

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வீல் ஜேன் தகரச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டதையும், தண்ணீர் இறைத்த பம்புகளை நிறுத்தியதும் உள்ளே வெள்ளம் ஏறியதையும், 1992 ஜனவரியில் அடைப்பு ஒன்று உடைந்து ஃபால் ஆற்று முகத்துவாரம் காவி நிறமானதையும் சென்ற வாரம் பார்த்தோம். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் ஒரு சுரங்கத்தின் வாயை அடைத்துவிடலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. அங்கே அடைக்கவில்லை. அந்த முடிவுக்குப் பின்னால் சில விஞ்ஞானிகள் பட்ட பாடு பெரிது. அதை எழுதாமல் இந்தத் தொடர் முழுமை பெறாது.

ரெட்டிங் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 14 கிலோமீட்டரில் இருக்கிறது அயர்ன் மவுண்டன். 1860களில் கண்டறியப்பட்டு, வெள்ளி, தங்கம், தாமிரம், துத்தநாகம் என்று ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார்கள். கடைசிக் காலத்தில் கந்தக அமிலம் தயாரிப்பதற்காக பைரைட் என்னும் இரும்பு சல்பைடையும் வெட்டினார்கள். 1963இல் வேலை நின்றது. வெட்டிய சுரங்கப்பாதைகள் மலைக்குள் அப்படியே கிடந்தன.

கெட்ட பெயர் அதற்கும் முன்பே வந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கெஸ்விக் நீர்த்தேக்கத்தில் கலக்கின்றன. அது சாக்ரமெண்டோ ஆற்றின் மேல் கட்டியது. கலிஃபோர்னியாவின் மிகப் பெரிய ஆறு அதுதான். இந்த மலைத்தண்ணீரால் ஆற்றில் மீன்கள் செத்து மிதக்கின்றன என்ற புகார் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே எழுந்தது. 1950, 60களில் ஒரே தடவையில் லட்சம் மீன்களுக்கு மேல் செத்த சம்பவங்களும் உண்டு. குளிர்காலத்தில் கடலிலிருந்து ஆறு ஏறி வரும் சினூக் சால்மன் இனம் சாக்ரமெண்டோவுக்கே உரியது. 1991இல் அப்படித் திரும்பி வந்தவை 200கூடத் தேறவில்லை. அதே ஆற்றின் குறுக்கே கட்டிய ஷாஸ்டா அணை அவற்றின் பழைய முட்டையிடும் இடங்களை மறித்தது பெரிய காரணம். மிச்சம் இருந்த இடத்திலும் சுரங்கத்து நஞ்சு வந்து கலந்தது.

சுத்திகரிப்புக்கு முன், இந்தச் சுரங்கத்திலிருந்து ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு டன்னுக்கும் மேல் தாமிரம், துத்தநாகம், காட்மியம் முதலிய உலோகங்கள் வெளியேறின. மழை பலமாகப் பெய்தால் ஷாஸ்டா அணையிலிருந்து நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டு நஞ்சை நீர்க்கச் செய்வார்கள். வயலுக்கும் வீட்டுக்கும் போக வேண்டிய தண்ணீர் அது. 1983இல் மத்திய அரசு அயர்ன் மவுண்டனைத் தன் ‘சூப்பர்ஃபண்ட்’ பட்டியலில் சேர்த்தது. நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட இடங்களுக்கான பட்டியல் அது.

இவ்வளவு அமிலம் எங்கிருந்து வருகிறது? பூமிக்கடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை பைரைட் சாதுவான கல். காற்றும் தண்ணீரும் பட்டால் கரைந்து கந்தக அமிலமாகவும் இரும்பாகவும் பிரிகிறது. அயர்ன் மவுண்டனின் தாதுத் திரளில் சில இடங்களில் 95 சதவீதம் வரை பைரைட்தான். நூறு ஆண்டுகளாக வெட்டிய பாதைகள் அதன் நெஞ்சுக்குள் காற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. வேதிவினை வெப்பத்தைக் கக்குகிறது. வெப்பத்தில் காற்று மேலே எழும்புகிறது. அந்த இடத்துக்குப் புதுக் காற்று உள்ளே வருகிறது. அமிலம் தயாரிப்பு ஓய்வதே இல்லை.

இவற்றில் பலவற்றைப் பின்னால்தான் தெளிவாகத் தெரிந்துகொள்ள முடிந்தது. மலைக்குள் போய்ப் பார்த்தவர் பல காலமாக யாரும் இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த மலையின் ரிச்மண்ட் சுரங்கத்தின் நுழைவுப் பாதையைச் செப்பனிட்ட பிறகு, 1990இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த கிர்க் நார்ட்ஸ்ட்ரமும் சார்லஸ் ஆல்பர்ஸும் உள்ளே நுழைந்தார்கள். தண்ணீரின் வெப்பம் 47 டிகிரி செல்சியஸ் வரை இருந்தது. சுவர்களிலும் கூரையிலும் உப்புகள் பூத்திருந்தன. நம் சித்த மருத்துவக் கடையில் அன்னபேதி என்று விற்கும் இரும்பு உப்பு அங்கே பச்சைப் படிகங்களாகத் தொங்கியது. இந்தச் சுரங்கத்து அன்னபேதிக்குள் தாமிரமும் துத்தநாகமும் கலந்திருந்தன. வேறு இடங்களில் மஞ்சள், வெள்ளை, கருப்பு நிற உப்புகள். கூரையிலிருந்து விழுதாக இறங்கிய உப்பின் நுனியில் சொட்டிய நீரை அவர்கள் சிறு குப்பியில் பிடித்தார்கள்.

அந்தச் சொட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பள்ளிப் பாடப்புத்தகத்தில் பி.எச். அளவுகோல் 0இல் தொடங்கி 14இல் முடியும். எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு. சுரங்கச் சொட்டின் அளவு பூஜ்ஜியத்துக்கும் கீழே, எதிர்மறை எண்ணில் போனது. பேட்டரி அமிலத்தைவிடப் பல மடங்கு வீரியம். ஆனால் அதை எண்ணாகச் சொல்வது எப்படி? சாதாரண பி.எச். மானியைச் சரிபார்க்கும் கரைசல்கள் அந்த எல்லைக்கு உதவாது. மானி காட்டும் எண்ணை நம்பி அறிக்கை எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரல் டாசெக், டேவிட் ப்ளோஸ் இருவரும் இங்கே கைகொடுத்தார்கள். செறிவு தெரிந்த கந்தக அமிலக் கரைசல்களைத் தயாரித்து, செறிவான உப்புநீருக்கென்றே உருவான கோட்பாட்டுக் கணக்கால் ஒவ்வொன்றுக்கும் பி.எச். வகுத்து, மானியை அவற்றோடு ஒப்பிட்டார்கள். கடைசியில் கிடைத்த எண் மைனஸ் 3.6. அதுவரை இயற்கை நீரில் யாரும் அளந்திராத அமிலத்தன்மை. ஒரு லிட்டரில் 200 கிராம் வரை உலோகம், 760 கிராம் வரை சல்பேட். மாதிரி எடுத்தது 1990, 91இல். கட்டுரை வெளிவந்தது 2000இல். இந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். ஒரு மலையின் விதியை முடிவு செய்யப் போகும் எண் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும்.

இனி அடைப்பு விஷயத்துக்கு வருவோம். சுரங்க வாயை கான்கிரீட்டால் அடைத்துவிட்டால் உள்ளே தண்ணீர் நிறையும், காற்றுப் புகாது, காற்றில்லாவிட்டால் அமிலமும் உண்டாகாது. கேட்க எளிமையாக இருக்கும் யோசனை, செலவும் குறைவு. பொறியாளர் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். இந்த யோசனையின் ஓட்டை சுவரில் பூத்திருந்த உப்புகளில் இருந்தது. அவை வெறும் அழுக்கல்ல. வருடக்கணக்கில் சேர்த்து வைத்த அமிலமும் உலோகமும் கெட்டியாகிக் கிடப்பவை. தண்ணீர் ஏறினால் கரையும். எந்த உப்பு எவ்வளவு இருக்கிறது, கரைந்தால் நீர் எப்படி ஆகும் என்று நார்ட்ஸ்ட்ரமும் ஆல்பர்ஸும் கணக்குப் போட்டார்கள். மலைக்குள் சுமார் 6 லட்சம் கன மீட்டர், அதாவது 60 கோடி லிட்டர் அமிலக் குளம் உருவாகும்; அதன் பி.எச். 1 அல்லது அதற்கும் கீழே இருக்கும் என்று வந்தது. அந்தக் குளம் நிற்கப் போவதோ நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டி, வெடிப்புகள் நிறைந்த செங்குத்தான மலைக்குள். அடைப்பு நின்றாலும் பாறை இடுக்குகளில் கசியும். எங்கே கசியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போதாவது ஒரு வாயில் வருகிறது, அங்கே பிடித்துக்கொள்ளலாம்.

அந்த வாயிலேயே பிடிப்பது என்று முடிவானது. 1994இல் சுண்ணாம்பு கலந்து அமிலத்தை முறிக்கும் நிலையம் ஓடத் தொடங்கியது. சுரங்க வாய்களில் வரும் நீரைக் குழாயில் கொண்டுவந்து சுண்ணாம்புப் பாலோடு கலக்கிறார்கள். உலோகங்கள் சகதியாக அடியில் படிகின்றன. அந்தச் சகதியை உலர்த்தி, அதே மலையின் உச்சியில் தாது வெட்டிய பழைய திறந்தவெளிக் குழியில் கொட்டுகிறார்கள். 2004இல் மலையிலிருந்து இறங்கும் ஸ்லிக்ராக் ஓடையின் குறுக்கே அணை கட்டி, அங்கு சிதறிக் கசியும் நீரையும் சேர்த்துப் பிடித்தார்கள். இப்படி மலையிலிருந்து ஆற்றுக்குப் போன தாமிரமும் துத்தநாகமும் காட்மியமும் சுமார் 95 சதவீதம் குறைந்தன.

சுத்திகரிப்புக்காகச் செப்பனிட்ட அதே பாதையில் இன்னொரு கூட்டமும் உள்ளே போனது. நுண்ணுயிர்கள் இல்லாமல் பைரைட் இவ்வளவு வேகமாகக் கரையாது என்பது ஏற்கெனவே தெரிந்த சேதி. எந்த நுண்ணுயிர் என்பதில்தான் தவறு இருந்தது. பாடநூல்கள் ஒரு பாக்டீரியாவைக் குற்றவாளியாகக் காட்டின. ஆய்வகங்கள் அதை வளர்த்துச் சோதித்து வந்தன. ஆய்வாளர் ஜில் பேன்ஃபீல்டும் அவருடன் வேலை செய்தவர்களும் ரிச்மண்ட் சுரங்கத்துக்குள் பார்த்தபோது, அமிலம் கடுமையாக உற்பத்தியாகும் சூடான இடங்களில் அது பெயருக்குக்கூட முன்னணியில் இல்லை. அங்கே ஆட்சி செய்தவை வேறு. அவற்றில் ஒன்று ஃபெரோபிளாஸ்மா. செல்சுவரே இல்லாமல் பி.எச். பூஜ்ஜியத்தில் பிழைக்கும் உயிர். வெளியே, குளிர்ந்த ஓடையில் கிடைத்த பாக்டீரியாவை வைத்துக்கொண்டு உள்ளே நடப்பதைக் கணித்து வந்திருக்கிறார்கள்.

அமில நீரின் மேல் மெல்லிய இளஞ்சிவப்பு ஏடாகப் படர்ந்திருந்த நுண்ணுயிர்த் திரளை எடுத்து, ஆய்வகத்தில் தனித்தனியாக வளர்க்காமலே மொத்தமாக மரபணுக்களைப் படித்தார்கள். பேன்ஃபீல்டின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழுவோடு எரிசக்தித் துறையின் கூட்டு மரபணு நிலையமும் சேர்ந்து செய்த அந்த வேலை 2004இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அடுத்த ஆண்டே ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்துடன் சேர்ந்து அந்த ஏட்டின் புரதங்களையும் கணக்கெடுத்தார்கள். இன்று மண்ணிலும் கடலிலும் மனிதக் குடலிலும் நுண்ணுயிர்க் கூட்டங்களை மொத்தமாகப் படிக்கும் முறைக்கு இந்த நச்சுச் சுரங்கம் ஒரு தொடக்கப் புள்ளி.

இதனால் அமிலம் நின்றதா என்று கேட்டால், இல்லை. நுண்ணுயிர்களைத் தடுத்து அயர்ன் மவுண்டனை நிறுத்தும் வழி கைக்கு வரவில்லை. வேலையை இன்றும் சுண்ணாம்புதான் செய்கிறது. ஆனாலும் அந்த ஆய்வை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. குற்றவாளி மாறிப் போனதைக் கண்டுபிடிக்காவிட்டால், தப்பான உயிருக்கு மருந்து தேடிப் பணத்தைக் கொட்டியிருப்பார்கள்.

பணம் யாருடையது என்பதும் சொல்லப்பட வேண்டியது. தோண்டிய கம்பெனியின் சொத்து 1967இல் ஸ்டாஃபர் கெமிக்கல் கைக்குப் போனது. அது பல கைமாறி அவெண்டிஸ் நிறுவனத்திடம் பொறுப்பு வந்தது. பல வருட வழக்குக்குப் பின் 2000இல் உடன்பாடு ஏற்பட்டது. மொத்த மதிப்பு 100 கோடி டாலரை நெருங்கும் என்று அப்போது கணக்கிட்டார்கள். முப்பது ஆண்டுப் பராமரிப்புக்கு ஏற்பாடு. அதற்குப் பிறகான செலவுக்கு 2030இல் ஒரு பெருந்தொகை. ஆனால் மலைக்குள் மிச்சமிருக்கும் பைரைட் கரைந்து தீர சுமார் 3,000 ஆண்டுகள் ஆகலாம் என்கிறது நார்ட்ஸ்ட்ரம்–ஆல்பர்ஸ் கணக்கு. அதுவரை குழாயும் சுண்ணாம்பும் ஆட்களும் வேண்டும். 2018 ஜூலையில் ‘கார்’ (Carr) என்று பெயரிட்ட காட்டுத்தீ சுரங்கப் பகுதிக்குள்ளேயே புகுந்தது. தீயணைப்பு வீரர்கள் சுத்திகரிப்பு நிலையத்தைக் காப்பாற்றினார்கள். லாபம் பார்த்தவர்கள் நூறு ஆண்டில் போய்விட்டார்கள். காவல் காக்கும் கடமை எத்தனையோ தலைமுறைக்கு விழுந்திருக்கிறது. சுரங்கத்துக்கு அனுமதி கொடுக்கும் நாளிலேயே மூடும் செலவையும் மூடிய பின் ஆகும் செலவையும் கம்பெனியிடமிருந்து வாங்கி வைக்காத எந்த அரசும் தன் மக்களுக்குத் துரோகம் செய்கிறது என்பதே என் தீர்ப்பு.

அடுத்த வாரம் நமக்கு நெருக்கமான ஊருக்குப் போகிறோம். கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதன் சயனைடு கலந்த கழிவு மேடுகள் இன்னும் ஊருக்கு நடுவில் நிற்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து போய் அங்கே தலைமுறைகளாக உழைத்த குடும்பங்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த வாசகர்கள், மேடுகளிலிருந்து காற்றில் பறந்த தூசி பற்றியும் குடிதண்ணீர் பற்றியும் நினைவில் இருப்பதை எழுதி இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். பழைய படங்கள் இருந்தால் நகல் எடுத்து அனுப்பினால் போதும். மூலத்தை உங்களிடமே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.