பழைய ஸ்பிட்பயரும் வீட்டுப் பட்டறையும்

1962-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் லண்டனில் நடந்த மோட்டார் கண்காட்சியில், டிரையம்ப் கம்பெனியார் 'ஸ்பிட்பயர்' என்னும் பெயரோடு இரண்டு பேர் அமரக்கூடிய ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரை முதன்முதலாகப் பொதுஜனங்களின் பார்வைக்கு வைத்தார்கள். விலை உயர்ந்த வேகக் கார்களை எட்ட நின்று பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு திருப்தி அடைய வேண்டியிருந்த நடுத்தர வருமானக்காரர்களுக்கும், புதிதாக உத்தியோகத்தில் அமர்ந்த இளைஞர்களுக்கும் கைக்கெட்டும் விலையில் கிடைத்த அந்தக் கார், 1980-ஆம் வருஷம் உற்பத்தி நிறுத்தப்படும் வரையில் 3 லட்சத்துக்கும் அதிகமான எண்ணிக்கையில் தயாராகி உலகெங்கும் சென்றது. அவற்றுள் காலத்தையும் துருவையும் வென்று இன்றும் ஓடிக்கொண்டிருப்பவற்றில் பல, சொந்தக்காரர்களின் வீட்டுக் கொட்டகையிலேயே, அவர்கள் கையாலேயே பராமரிக்கப்பட்டு வருகின்றன. அரை நூற்றாண்டு கடந்த ஒரு யந்திரத்தை, மோட்டார்த் தொழிலில் பயிற்சி பெறாத ஒருவர் விடுமுறை நாட்களில் சில ஸ்பேனர்களைக் கொண்டு நல்ல நிலையில் வைத்திருக்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அந்த யந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அதில் தோன்றும் கோளாறுகள் பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் எட்டுபவை. காரணத்தைக் கிரமமாகத் தேடிச் செல்கிறவனுக்கு அவை தம்மை மறைத்துக்கொள்வதில்லை.

இந்தக் காரின் பிறப்பு வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது அதன் உடற்கூற்றை அறிந்துகொள்ள உதவும். 1959-இல் ஸ்டாண்டர்டு–டிரையம்ப் கம்பெனியார் 'ஹெரால்டு' என்ற குடும்பக் காரை வெளியிட்டார்கள். மற்றக் கம்பெனியார் பலர் தனிச் சட்டகத்தைக் கைவிட்டு உடலையே சட்டகமாக்கிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஹெரால்டு பழைய சம்பிரதாயப்படி தனிச் சட்டகத்தின் மேல் அமைந்திருந்தது. அதற்கு உருவம் கொடுத்த இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கலோட்டியே, அதன் சட்டகத்தைக் குறுக்கி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் மாதிரியையும் வகுத்தார். கம்பெனியின் பணமுடையால் அந்த மாதிரி தொழிற்சாலையின் மூலையில் துணி போர்த்திக் கிடந்ததாகவும், 1961-இல் லேலண்டு கம்பெனியார் ஸ்டாண்டர்டு–டிரையம்பை வாங்கியபின் அதிகாரிகள் துணியை விலக்கிப் பார்த்து உற்பத்திக்கு அனுமதி அளித்ததாகவும் சொல்வார்கள்.

நமக்கும் இந்தக் குடும்பத்தோடு உறவு உண்டு. அதே 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா கம்பெனியார் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் இந்த ஹெரால்டைத் தயாரித்தார்கள். நம் பக்கத்து வீடுகளில் அந்தக் காலத்து ஹெரால்டு ஒன்றை இன்றும் போற்றி வைத்திருப்பவர்களுக்கு, ஸ்பிட்பயரைப்பற்றி இங்கே சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

இரண்டு வண்டிகளுக்கும் பொதுவான விசேஷம் அவற்றின் பானெட். முன்பக்கத்து மட்கார்டுகளும் விளக்குகளும் உட்பட வண்டியின் முகம் முழுவதும் ஒரே துண்டாக, முதலை வாயைத் திறந்ததுபோல, முன்னோக்கி மேலே எழும்பிவிடும். அப்போது என்ஜினும், முன் சக்கரங்களைத் தாங்கும் உறுப்புகளும் எந்த மறைவுமின்றி வெளிப்பட்டு நிற்கும். வேலை செய்பவர் டயரின்மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைத் தொடலாம். வீட்டில் பழுது பார்க்கிறவருக்கு இதைவிடப் பெரிய அனுகூலம் வேறில்லை.

எந்தப் பெட்ரோல் என்ஜினும் ஓடுவதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், அந்தக் கலவையை நன்றாக அழுத்தும் சிலிண்டர், அழுத்தம் முடியும் தறுவாயில் பிறக்கும் தீப்பொறி. வண்டி நின்றுபோனால் இந்த மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. அவசரக்காரர்கள் அதைச் செய்யாமல், சந்தேகப்பட்ட பாகங்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிதாக வாங்கி மாட்டுவார்கள். வண்டி ஒருவேளை ஓடினாலும், எது கெட்டிருந்தது என்பது அவர்களுக்குக் கடைசிவரையில் தெரியாது. ஓடிக்கொண்டிருந்த என்ஜின் முன்னறிவிப்பு இல்லாமல் சட்டென்று அடங்கிவிட்டால் மின்சாரத்தையும், இருமி, தள்ளாடி, சிறுகச் சிறுகச் சக்தி குன்றி நின்றால் பெட்ரோலையும் முதலில் சந்தேகிப்பது அனுபவஸ்தர்களின் வழக்கம். இது அனுமானமே, ஆகையால் பிளக் வயர் ஒன்றைக் கழற்றி, காப்பிட்ட குறடால் பிடித்து, என்ஜினின் இரும்புக்கு அருகில் காட்டிப் பார்க்க வேண்டும். நீலநிறத்தில் படபடவென்று பொறி பாய்ந்தால் மின்சாரத்தை விட்டுவிட்டுப் பெட்ரோலின் பக்கம் போகலாம். பெட்ரோல் சிந்தியிருக்கும் இடத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்யலாகாது.

தீப்பொறியின் உற்பத்தி ஸ்தானம் டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடிக்குள் இருக்கும் பாயின்ட் என்ற சிறு தொடுமுனைகள் திறக்கும் ஒவ்வொரு கணமும் காயிலில் உயர்ந்த மின்னழுத்தம் பிறக்கிறது. அந்த முனைகளின் இடைவெளி சுமார் 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முனைகள் தேய்ந்தோ கருகியோ இடைவெளி மாறினால் பொறி பிறக்கும் நேரமும் மாறிவிடும். என்ஜின் மிஸ்ஸிங் அடிக்கும், சூடேறும், பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும். பாயின்டை ஒட்டியிருக்கும் கண்டென்சர் கெட்டால் முனைகள் விரைவில் கருகும். சூடான பிறகு நின்று, ஆறியபிறகு மறுபடி கிளம்பும் வண்டியில் கண்டென்சரையும் காயிலையும் சோதித்துவிட்டே மேலே போக வேண்டும்.

அடுத்தது கார்புரேட்டர். பிரிட்டனில் விற்ற ஸ்பிட்பயர்களில் எஸ்.யு. கார்புரேட்டர்கள் இரண்டு பொருத்தப்பட்டிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாதரட்சை வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கிய சாதனம் இது. என்ஜின் இழுக்கும் காற்றின் அளவுக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் மேலும் கீழும் மிதக்கிறது. அதன் அடியில் தொங்கும் கூம்பிய ஊசி, பெட்ரோல் வரும் துவாரத்தை அதிகமாகவோ குறைவாகவோ திறந்துவிடுகிறது. அசையும் உறுப்புகள் இவ்வளவு சொற்பமாக இருப்பதால், அதன் நிலையை அறிவதும் எளிது. என்ஜின் சூடாகி மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில், கார்புரேட்டரின் பக்கத்தில் உள்ள சிறிய ஆணியை விரலால் மேலே தள்ளிப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திப் பார்க்க வேண்டும். என்ஜினின் வேகம் கணநேரம் கூடிப் பிறகு பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. கூடிய வேகம் அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். வேகம் தளர்ந்து என்ஜின் அணையப் போனால் பெட்ரோல் போதவில்லை. அடியில் உள்ள அறுகோண நட்டை ஒரு முறைக்கு ஒரு பட்டை வீதம் திருப்பி இதைச் சரிசெய்யலாம். இரண்டு கார்புரேட்டர்களும் சமமாகக் காற்று இழுக்கின்றனவா என்பதை அறிய ஒரு முழ நீள ரப்பர்க் குழாய் போதும். ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டின் 'உஸ்' என்ற ஓசையையும் மாறி மாறிக் கேட்டு ஒன்றாக்கிவிடலாம். பாயின்டும், பொறி பிறக்கும் நேரமான டைமிங்கும், வால்வுகளின் இடைவெளியான டேப்பெட்டும் சரியாக இருக்கின்றன என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே கார்புரேட்டரில் கைவைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், ஒன்றின் குற்றத்தை மற்றொன்றின்மேல் சுமத்தி இரண்டையும் கெடுத்துக்கொள்ள நேரும்.

டேப்பெட்டுகளுக்குக் கணக்கு ஒன்று உண்டு. என்ஜினின் 8 வால்வுகளையும் முன்னிருந்து பின்னாக எண்ணிக்கொண்டால், 8-ஆவது வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது 1-ஆவதையும், 7-ஆவது திறந்திருக்கும்போது 2-ஆவதையும் சரிசெய்யலாம். இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் 9 வரும். குளிர்ந்த என்ஜினில் இடைவெளி 0.25 மில்லிமீட்டர்.

மின்சாரக் கோளாறுகள் என்றாலே அஞ்சுகிறவர்கள் உண்டு. ஆனால், பழைய வண்டிகளில் அவை பெரும்பாலும் பச்சைக் களிம்பு ஏறிய இணைப்புகளாலும், துருவின்மேல் பொருத்திய எர்த் வயர்களாலுமே உண்டாகின்றன. ஒரு விளக்கு மங்கி, இன்டிகேட்டர் போடும்போது அதுவும் சேர்ந்து துடித்தால், அந்தப் பக்கத்து எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் போதும். பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே சமயத்தில் தவறாகக் காட்டினால், இரண்டு கருவிகளும் ஒரே நாளில் கெட்டன என்று கருதுவதைவிட, இரண்டுக்கும் பொதுவாக 10 வோல்ட் அனுப்பும் ஸ்டெபிலைசர் கெட்டது என்று கருதுவதே யுக்திக்குப் பொருந்தும். பல கோளாறுகள் சேர்ந்து தோன்றும்போது அவற்றின் பொதுக் காரணத்தைத் தேடு என்பது இந்த வித்தையில் பொன்னான விதி. 1967-க்கு முற்பட்ட ஸ்பிட்பயர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த் என்பதையும், நவீன கருவி எதையும் மாட்டுமுன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இதுவரை சொன்னவை வண்டியை நிறுத்தும் கோளாறுகள். எந்த அறிகுறியும் காட்டாமல் வளரும் கோளாறுகளுக்கு இவற்றைவிட அதிக சிரத்தை வேண்டும். கிராங்க் ஷாப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் பிறை வடிவமான த்ரஸ்ட் வாஷர்கள் அத்தகைய ஓரிடம். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்பட, அந்தப் பாரம் முழுவதும் இந்த மெல்லிய வாஷர்களின்மேல் விழுகிறது. அவை மிகவும் தேய்ந்துபோனால் இடத்தைவிட்டுக் கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடும். அப்புறம் இரும்பும் இரும்பும் உராய்ந்து என்ஜின் பிளாக்கே பாழாகும். பரிசோதனையோ வெகு சுலபம். நிறுத்திய என்ஜினில் ஒருவர் கிளட்சை மிதித்து மிதித்து விட, மற்றொருவர் முன்பக்கத்துக் கப்பியைக் கவனிக்க வேண்டும். இருக்க வேண்டிய அசைவு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை. கப்பி முன்னும் பின்னும் போய்வருவது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால் வண்டியை எடுக்கலாகாது. காலத்தில் கண்டுகொண்டால், என்ஜினை இறக்காமலே அடித்தொட்டியைக் கழற்றி வாஷர்களை மாற்றிவிடலாம். சாலைச் சந்திப்புகளில் கிளட்சை மிதித்தபடியே காத்திருக்கும் பழக்கத்தை விட்டால் அவை நெடுநாள் உழைக்கும்.

இதனினும் முக்கியமானது டிரனியன். முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடிப்பாகம், ஒரு வெண்கலக் கூட்டுக்குள் மரையாகத் திருகப்பட்டிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையே பேரிங்காக வேலை செய்கிறது. ஒரு பக்கத்து மரை வலம்புரி, மறு பக்கத்தது இடம்புரி. இந்தக் கூட்டுக்குள் செலுத்த வேண்டியது 90-ஆம் நம்பர் கியர் எண்ணெய். மற்ற இடங்களுக்கெல்லாம் கிரீஸ் அடிக்கும் பழக்கத்தில் இங்கேயும் கிரீஸை அடித்துவிடுகிறவர்கள் பலர். கிரீஸ் மரையின் ஆழத்துக்குப் போகாமல் இறுகி நிற்கிறது. அடியில் நீர் தேங்கி எஃகைத் துரு அரிக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் திருப்பத்தில் தண்டு ஒடிந்து சக்கரம் சாய்ந்துவிடும். அடியில் உள்ள சிறு பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் நிப்பிளை மாட்டி, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிய நிலையில், மேலே எண்ணெய் கசியும் வரையில் எண்ணெய்த் துப்பாக்கியால் அடிக்க வேண்டும். சில நிமிஷ வேலை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதைச் செய்கிறவர்கள் இந்த அபாயத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள். ஹெரால்டின் முன் சக்கரமும் இவ்வாறே அமைந்தது என்பதை நம் ஊர் அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

துருவைப்பற்றித் தனி நூலே எழுதலாம். குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவும் பிரிட்டனில் அது மகா சத்துரு. ஸ்பிட்பயருக்குத் தனிச் சட்டகம் உண்டென்றாலும், கதவுக்கு அடியில் ஓடும் சில் என்ற பெட்டி போன்ற பகுதியும் வண்டியின் பாரத்தில் பங்கு கொள்கிறது. அது உள்ளே அரித்துப்போனால் கூரையில்லாத உடல் நடுவில் தொய்யும். கதவின் பின் விளிம்பில் உள்ள இடைவெளி மேலே குறுகிக் கீழே விரிந்து தோன்றும். பழைய ஸ்பிட்பயரை வாங்கப் போகிறவர் பெயின்டின் பளபளப்பைப் பார்க்குமுன் இந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

காலம் கொண்டுவந்த மாறுதல்களும் உண்டு. 2000-ஆம் வருஷம் முதல் பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. ஈயத்தை நம்பி அமைந்த பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை நாளடைவில் அமிழ்ந்துபோகக்கூடும் என்பதால், ஹெட்டை இறக்கும் சமயத்தில் கடினமான இருக்கைகளைப் பதித்துவிடுவது நல்லது. 2021-இல் அங்கே பொதுவழக்குக்கு வந்த பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கலாம். அது பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும் தன்மையுள்ளது. குழாயை மடித்துப் பார்த்து வெடிப்புக் கண்டால் உடனே, எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாயாக மாற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அதை மாற்றத்தான் வேண்டும். வண்டிக்கு அடியில் புகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டுகளை வைப்பது உயிரைப் பற்றிய விஷயம்.

2018 மே மாதம் முதல் பிரிட்டிஷ் சட்டம், 40 வருஷம் கடந்த, பெரிதும் மாற்றி அமைக்கப்படாத வண்டிகளுக்கு வருஷாந்திரச் சோதனையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. அதனால் பொறுப்பு குறைந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. பரிசோதகர் வகித்த பொறுப்பு முழுவதும் இப்போது சொந்தக்காரரின் தலைமேல் ஏறியிருக்கிறது. ஆகவே, பழைய வண்டியை நேசிக்கிறவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, செய்த வேலையையும், செய்த தேதியையும், மீட்டரில் கண்ட மைல் கணக்கையும் தவறாமல் எழுதிவர வேண்டும். எதைத் திருத்தினாலும் ஒரு சமயத்தில் ஒன்றையே திருத்தி, அதன் பலனைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். வருஷத்தின் முதல் வேலையாக டிரனியனுக்கு எண்ணெய் அடித்துவிட்டு, கிளட்சை மிதிக்கச் சொல்லிக் கப்பியைப் பார்த்துவிட்டு, பிறகு மெருகைப்பற்றி யோசிக்கலாம்.