பன்னிரண்டு தந்திக் கிட்டார்: பணத்துக்கேற்ற தேர்வு

இசைக்கருவி வாங்குவதற்கென்று கடன் விண்ணப்பம் எங்கள் மேசைக்கு வருவது அரிது. கடன் அட்டைத் தவணைக் கணக்குகளிலோ கிட்டார் அடிக்கடி தென்படுகிறது. அவற்றுள்ளும் பன்னிரண்டு தந்திக் கிட்டார் வாங்க விரும்புவோர் சற்று நிதானிப்பது நல்லது. ஆறு தந்திக் கிட்டாரில் மலிவானதைத் தேர்ந்தால் பெரும்பாலும் ஒலி இனிமைதான் சிறிது குறையும். பன்னிரண்டு தந்தியில் தவறான மலிவு, கருவியையே சில ஆண்டுகளில் உருக்குலைத்துவிடக்கூடும்.

இக்கருவியில் தந்திகள் இரண்டிரண்டாக ஆறு இணைகளாய் அமைந்திருக்கும். மேலிரு இணைகளில் இரு தந்திகளும் ஒரே சுருதி. எஞ்சிய நான்கு இணைகளில் ஒன்று தடித்தது. மற்றது மெல்லியது, ஒரு ஸ்தாயி உயர்ந்தது. ஒரே மீட்டலில் இரண்டும் சேர்ந்து ஒலிப்பதால்தான் அந்த மினுமினுப்பான, நிறைந்த நாதம் பிறக்கிறது. ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ பாடலைக் கேட்டவர்களுக்கு அந்த நாதம் பழக்கமானதே.

அந்த நாதத்துக்குக் கருவி தரும் விலை பெரிது. வழக்கமான மெல்லிய தந்திகள் பூட்டிய ஆறு தந்திக் கிட்டாரில் மொத்த இழுவிசை 75 கிலோவுக்கு அருகில் இருக்கும். பன்னிரண்டு தந்தியில் அது சுமார் 110 கிலோ. நன்கு வளர்ந்த ஓர் ஆளின் எடைக்கும் மிகுதியான விசை, சில மில்லிமீட்டர் கனமுள்ள மரப்பலகையை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கட்டமைப்பு வலுவற்றதாயின் முதலில் கழுத்து முன்னோக்கி வளையும். பிறகு பிரிட்ஜுக்குப் பின்னால் முகப்புப் பலகை வயிறு போல் புடைக்கும். இறுதியில் பிரிட்ஜே பசைவிட்டுக் கிளம்பும். கழுத்தைக் கழற்றிச் சரியான கோணத்தில் மீண்டும் பொருத்தும் பணிக்குத் தேர்ந்த கைவினைஞர் வேண்டும். விலை குறைந்த கருவியில் அந்தக் கூலி வாங்கிய விலையையே எட்டிப்பிடிக்கும் என்பதால், பலர் அதனைச் சுவரில் மாட்டிவிட்டு மீதித் தவணைகளைக் கட்டி முடிக்கின்றனர். அந்த நிலை எவருக்கும் வேண்டா என்பதே எங்கள் அக்கறை.

ஆகவே கடையில் முதலில் கண்ணால் பாருங்கள், வாசிப்பது பிறகு. கிட்டாரின் தலைப்பகுதியைக் கண்ணருகே உயர்த்தி, துப்பாக்கியால் குறிபார்ப்பது போலக் கழுத்தின் ஓரமாக நோக்கினால் வளைவு புலப்படும். மிகச் சிறிய முன்வளைவு இயல்பானது. முறுக்கம் காணப்பட்டால் அக்கருவி வேண்டா. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் பசை விடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அடுத்து, தந்திகள் ஏறிச் செல்லும் சாடில் எனும் வெள்ளைப் பட்டை பிரிட்ஜுக்கு மேல் போதிய உயரம் கொண்டிருக்கிறதா என்று காண வேண்டும். அது முன்பே தேய்த்துத் தாழ்த்தப்பட்டிருந்தால், பிற்காலத்தில் தந்தியின் உயரத்தைக் குறைக்க வழியிராது. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருப்பது விரலுக்கு இதம். அதே ஃபிரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும், அங்கு மெல்லத் தொட்டு எழுப்பும் சுரமும் டியூனரில் ஒத்திருக்க வேண்டும். கழுத்துக்குள் டிரஸ் ராட் எனும் இரும்புக் கம்பி உண்டா, அதனைத் திருக வழியுண்டா என்றும் கேளுங்கள். தயங்காமல் எல்லா முறுக்காணிகளையும் திருகிப் பாருங்கள். பன்னிரண்டையும் நாள்தோறும் சுருதி கூட்டப்போவது விற்பனையாளர் அல்லர்.

முகப்புப் பலகை ஒரே மரத்தாலானதா, ஒட்டுப்பலகையா என்பது அடுத்த வினா. ஒரே மரத்தாலான ஸ்ப்ரூஸ் முகப்பு காலப்போக்கில் ஒலிச்செழுமை பெறும். ஒட்டுப்பலகை வெப்பதட்ப மாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும். யமஹாவின் எஃப்ஜி820-12, ஃபெண்டரின் சிடி-60எஸ்சிஇ-12 ஆகிய இரண்டும் ஒரே மர ஸ்ப்ரூஸ் முகப்புடன், மிக உயர்ந்த விலைப் படிக்குப் போகாமல் கிடைப்பவை. பின்னதில் ஒலிபெருக்கியுடன் இணைக்கும் மின்கருவியும் உண்டு. மேடையில் வாசிக்காதவர்கள் அந்த வசதிக்காகக் கூடுதல் தொகை செலவிட வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. அதே தொகையை நல்ல மரத்துக்கும், வாங்கியவுடன் ஒரு தொழில்நுட்பரிடம் கருவியைச் சீரமைப்பதற்கும் ஒதுக்கலாம். இன்னொன்று: இதுவே முதல் கிட்டார் என்றால் ஆறு தந்தியே போதும். புதிதாய்ப் பழகும் விரல்களுக்கு இணைத்தந்திகளை அழுத்துவது கடினம்.

கருவியின் ஆயுளை நீட்டச் செலவில்லாத வழியொன்று உண்டு. எல்லாத் தந்திகளையும் ஒரு முழுச்சுரம் தாழ்த்திச் சுருதி கூட்டினால் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வழக்கமான சுருதி வேண்டும்போது இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போவை மாட்டிக்கொள்ளலாம். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் லெட் பெல்லி தம் ஸ்டெல்லா கிட்டாரை இதனினும் தாழ்த்தியே வாசித்தார்.

இனி எங்கள் துறைக்கு வருவோம். 30,000 ரூபாய்க் கிட்டாரை ‘கட்டணமில்லாத் தவணை’யில் மாதம் 5,000 வீதம் ஆறு மாதம் கட்டுவதாகக் கொள்வோம். ஆண்டு வட்டி 15 விழுக்காடெனில், விற்பனையாளர் சுமார் 1,270 ரூபாயைத் தள்ளுபடியாகக் கழித்து, அதே தொகை வட்டியாக வசூலாகிறது. அந்த வட்டியின்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது சுமார் 229 ரூபாய், தங்கள் கணக்கில் ஏறும். செயலாக்கக் கட்டணம் இருப்பின் அது வேறு. சுழிய வட்டி என்று ஒன்று இல்லை என இந்திய ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியுள்ளது. ரொக்கமாகத் தந்தால் அந்தத் தள்ளுபடியைத் தாங்களே பெற முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்பதில் தவறில்லை. தவணைத் திட்டமின்றி அட்டையில் வாங்கி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தி வருவது அறவே கூடாது. பல அட்டைகளில் மாதம் 3 விழுக்காட்டுக்கு மேல் வட்டி விதிக்கப்படுகிறது. அவசரமில்லாதவர்கள் மாதம் 2,500 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்பில் சேமிக்கலாம். தந்திக்கொரு தவணை! முதிர்வில் 30,000 ரூபாயும், கூடவே வட்டியும் கைக்கு வரும்.

பழைய கருவி வாங்குவோர், மேற்சொன்ன சோதனைகளை நேரில் செய்து முடிக்கும் முன் முன்பணம் அனுப்ப வேண்டா. இடமாறுதலில் செல்லும் அரசு ஊழியர் என்றும் படைவீரர் என்றும் சொல்லி அவசரப்படுத்துவோரிடம் இரட்டிப்புக் கவனம் தேவை. விற்போருக்கும் ஒரு சொல்: பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணை இடவோ, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ தேவையே இல்லை.

வீட்டுக்கு வந்த கருவியை உறையிலிட்டே வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருப்பது மரத்துக்கு உகந்தது. சென்னை, மும்பை போன்ற கடலோர ஊர்களின் மழைக்காலத்தில் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் உதவும். தில்லி, ஜெய்ப்பூரின் வறண்ட மாதங்களில் மாறாக ஈரமூட்டி தேவைப்படும். எங்களைப் போல் இடமாறுதலுக்கு ஆளாகிறவர்கள் இரண்டையும் வைத்திருக்கலாம். பயணத்தின்போது தந்திகளைச் சற்றுத் தளர்த்துங்கள். வெயிலில் நிற்கும் காரில் ஒருபோதும் விட்டுச் செல்லாதீர்கள். மூன்றாம் இணையின் மெல்லிய தந்திதான் எல்லாவற்றிலும் உயர்ந்த சுருதியுடையது. ஆதலால் முதலில் அறுவதும் பெரும்பாலும் அதுவே. முழுத் தொகுதி வாங்கும்போது அந்த ஒரு தந்தியில் மட்டும் இரண்டு மூன்று கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.