மழைக்காலக் கத்தரி நாற்றுக்குத் தாழ்கூரை

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் தோட்டக்கால் பயிரிடுவோர் பலர் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகே கத்தரி விதையை நாற்றங்காலில் விடுகின்றனர். மார்கழியில் விதைத்து, தை மாதத்தில் நட்டால், பங்குனியில்தான் காய் எடுக்க முடியும். அப்போது வெயில் ஏறிவிடும். எல்லோருடைய காயும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வரும். ஐப்பசிப் பிற்பகுதியிலேயே நாற்று விட்டு, கார்த்திகைக் கடைசியில் நட்டவர் மாசித் தொடக்கத்திலேயே காய் பறிக்கலாம். சென்னைக் கோயம்பேடு சந்தை அருகிலிருப்பதால், முந்தி வரும் காய்க்கு நல்ல விலை கிடைக்க வாய்ப்புண்டு.

இதற்குத் தடையாக நிற்பது ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வேலைக்குச் செல்லும் பகுதியில், நாற்று அழிந்தால் மறுபடி நாற்று விட ஆள் தேடுவதும் எளிதல்ல. இக்குறையைத் தாழ்கூரை நாற்றங்கால் பெரிதும் போக்கும்.

குளிருக்கும் மழைக்கும் கூரை

ஐரோப்பாவில் ஜெர்சி தீவு விவசாயிகள் முன்பருவ உருளைக்கிழங்குப் பயிரின்மேல் பாலிதீன் தாளைப் போர்த்துகின்றனர். மண்ணில் உஷ்ணத்தைத் தேக்கிக் கிழங்கை முன்னதாக எடுப்பதே அதன் நோக்கம். உருளைக்கிழங்குக்குக் குளிர்ந்த இரவு வேண்டுமாதலால் நம் கரையோரச் சமவெளிக்கு அது ஏற்ற பயிரன்று. ஆனால் கூரையை இங்கும் பயன்படுத்தலாம். அங்கே உஷ்ணத்தை உள்ளே தேக்கும் கூரை, இங்கே மழையை வெளியே நிறுத்த வேண்டும். உஷ்ணத்தைத் தேக்கக் கூடாது. எனவே பக்கங்களை அடைத்து மூடுவது தவறு.

நாற்று சாய்வது ஏன்?

நாற்றழுகல் நோய்க்குக் காரணம் பித்தியம் என்னும் பூசணம். இது மண்ணில் வாழ்வது. ஈரம் மிகுந்தால் இதன் வித்துகள் நீரில் நீந்திப் பரவும். முளை வெளிவருமுன்பே விதை அழுகும்; வெளிவந்த நாற்றின் தண்டு, மண்மட்டத்தில் நீர்கோத்து மெலிந்து சாயும். நெருக்கமான விதைப்பும், நீர் தேங்குதலும் நோயை வளர்க்கும்.

பாத்தி அமைப்பு

ஓர் ஏக்கர் நடவுக்கு ஒரு சென்ட் நாற்றங்கால் போதும். 3 அடி அகலம், 20 அடி நீளம், அரை அடி உயரமுள்ள மேட்டுப்பாத்திகள் ஏழு தேவைப்படும். பாத்திகளுக்கிடையே ஒன்றரை அடி வாய்க்கால் விட்டு, நீர் வடிய வழி செய்ய வேண்டும். மட்கிய தொழு உரத்துடன் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து இடுவது நல்லது.

ஏக்கருக்கு ரக விதை 160 கிராம், ஒட்டு விதையானால் 80 கிராம் வேண்டும். கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா கலந்து, 10 செ.மீ. இடைவெளியில் வரிசையாக விதைத்து, மணலால் மெல்ல மூட வேண்டும். திரம் போன்ற பூசணக்கொல்லியை இதனுடன் கலந்தால் நன்மை செய்யும் பூசணமே மடியும்.

கூரை போடும் முறை

ஏழடி நீள மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்து, இரு முனைகளையும் முக்கால் அடி ஆழம் மண்ணில் ஊன்ற வேண்டும். வில்லின் நடு உயரம் இரண்டடி இருக்கும். இரண்டரை அடிக்கு ஒன்றாகப் பாத்திக்கு ஒன்பது வில் வேண்டும். முதலில் நெருங்கிய கண்ணுள்ள நைலான் வலையைப் போர்த்தி, ஓரங்களில் மண் அணைக்கலாம். இது வெள்ளை ஈ, தத்துப்பூச்சி முதலியவற்றைத் தடுக்கும். சிறு இலை நோயைப் பரப்புவது தத்துப்பூச்சியே. அதன்மேல் நாலடி அகலப் பாலிதீன் தாளைப் போட்டால் மழைநீர் வழிந்துவிடும். இருபுறமும் முக்கால் அடி உயரத்துக்கு வலை வழியே காற்றோட்டமும் இருக்கும்.

மழை விட்டு வெயில் வந்ததும் தாளைச் சுருட்டிவிட வேண்டும். சோம்பலால் மூடியே வைத்தால், மழைக்குத் தப்பிய நாற்று உஷ்ணத்தில் வெந்துபோகும். அல்லது வெளிச்சம் குறைந்து நெட்டையாகி ஒடியும்.

புயல் சமயத்தில்

2016 டிசம்பரில் வர்தா புயலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் இப்பகுதியைத் தாக்கின. தாளின் குறுக்கே கயிறு கட்டி, ஓரங்களில் மணல் மூட்டை வைத்தால் சாதாரணக் காற்றைத் தாங்கும். கடும் புயல் எச்சரிக்கை வந்தால் தாளைக் கழற்றிவிட்டு வலையை இறுகக் கட்டுவதே மேல். தாள் பறந்தால் வில்லையும் நாற்றையும் சேர்த்தே பெயர்க்கும். வாய்க்காலில் அடைப்பு நீக்குவது எல்லாவற்றிலும் முக்கியம். வெள்ளம் தேங்கினால் கூரை உதவாது.

நடவுக்கு முன்

நாற்று 30 முதல் 35 நாளில் நடவுக்குத் தயாராகும். கடைசி ஒரு வாரம் தாளை எடுத்துவிட்டு, நீரையும் குறைத்தால் நாற்று முறுக்கேறும். வலை இருக்கட்டும்.

இத்தாளைப் பத்திரப்படுத்தினால், சித்திரை வெயிலில் மற்றொரு வேலைக்கும் உதவும். நாற்றங்கால் மண்ணை நனைத்து, கண்ணாடிபோல் தெளிந்த தாளால் இறுக மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்து நாலு முதல் ஆறு வாரம் விட்டால், வெயிலின் சூட்டில் பூசணங்களும் களை விதைகளும் பெருமளவு அழியும். ஐப்பசி நாற்றுக்குச் சித்திரையிலேயே பாதுகாப்புத் தொடங்கிவிடும்.

மேல்விவரங்களுக்குத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை விவசாயிகள் அணுகலாம். முதல் ஆண்டில் ஒன்றிரண்டு பாத்தியில் மட்டும் செய்து பார்த்து, பலன் கண்டபின் விரிவுபடுத்துவது புத்திசாலித்தனம்.